தவணையில் செல்போன்: டர்பன் கடைகளில் எதை எடுக்கலாம், எங்கே மறுக்கிறார்கள்

சாட்ஸ்வொர்த் சென்டர் ஆகட்டும், ஃபீனிக்ஸ் பிளாசா ஆகட்டும், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவின் டிரேட் ரூட் மால் ஆகட்டும், செல்போன் கடைக் கண்ணாடியில் பெரிதாக ஒட்டியிருப்பது மாதத் தொகைதான். எத்தனை மாதம், டேட்டா அதில் சேர்ந்ததா, கட்டி முடித்த பிறகு போன் யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். உண்மையான விலை அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

தவணைக்குப் போன் எடுக்கத் தென்னாப்பிரிக்காவில் ஐந்து வழிகள் உண்டு. வோடகாம், எம்டிஎன், டெல்காம், செல் சி ஆகிய நெட்வொர்க்குகளின் கான்ட்ராக்ட் ஒன்று. துணிக்கடை, மரச்சாமான் கடைகளில் திறக்கும் கடைக் கணக்கு இரண்டாவது. பணம் தவறினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் போன் மூன்றாவது. பேஜஸ்ட்நவ், பேஃப்ளெக்ஸ் போன்ற குறுந்தவணை நான்காவது. பாட்டிமார் காலத்திலிருந்து இருந்து வரும், கட்டி முடித்த பிறகே பொருள் கைக்கு வரும் லே-பை ஐந்தாவது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்று நான்கு மாதம் பொறுக்க முடிந்தவருக்கு லே-பையை மிஞ்சியது எதுவும் இல்லை. சம்பளம் பேங்குக்கு வருகிறது, மாதாமாதம் எப்படியும் டேட்டாவுக்குக் காசு போகிறது என்றால் நெட்வொர்க் கான்ட்ராக்ட் கட்டுப்படியாகும். நீண்ட தவணைக் கடைக் கணக்கில்தான் பணம் அதிகமாகக் கரைகிறது. பூட்டும் போன், மற்ற எல்லாக் கதவும் அடைத்த பிறகு தட்ட வேண்டிய கதவு.

கடைக் கணக்கு: 6,000 ராண்ட் போன் எப்படி 10,240 ஆகிறது

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ரொக்க விலை 6,000 ராண்ட், தவணை 24 மாதம் என்று எடுத்துக்கொள்வோம். தேசியக் கடன் சட்டத்தின் கீழ் 2016-இல் வந்த விதிகள், கணக்கைத் திறக்க வாங்கும் கட்டணத்துக்கு, அதாவது ‘இனிஷியேஷன் ஃபீ’க்கு, ஒரு வரம்பு வைத்திருக்கின்றன: 165 ராண்ட், அதோடு 1,000 ராண்டுக்கு மேல் உள்ள தொகையில் 10 சதவீதம். 6,000 ராண்டுக்கு இது 665. வாட் வரி 15 சதவீதம் சேர்த்தால் 764.75. பெரும்பாலும் இதையும் கடனோடு சேர்த்துவிடுவார்கள், ஆகவே வட்டி 6,764.75-க்கு ஓடும்.

வட்டியின் உச்ச வரம்பு ரிசர்வ் பேங்கின் ரெப்போ விகிதத்தோடு கட்டப்பட்டது. கடன் எந்த வகை என்பதைப் பொறுத்து ரெப்போவுக்கு மேல் 14, 17, 21 என்று ஏறும். ரெப்போ 7, கடன் 17 வகை என்று வைத்தால் ஆண்டுக்கு 24 சதவீதம், மாதம் 2. இந்தக் கணக்கில் அசலும் வட்டியுமாக மாதம் 357.66 வருகிறது. இதன் தலையில் மாதாந்தர ‘சர்வீஸ் ஃபீ’ உட்காரும். அதற்கு உச்சம் 60 ராண்ட், வாட்டோடு 69. ஆக மாதம் 426.66. 24-ஆல் பெருக்கினால் 10,239.84.

இப்போது பிரித்துப் பாருங்கள். வட்டி 1,819 ராண்ட். இரண்டு கட்டணமும் சேர்ந்து 2,420 ராண்ட். வட்டியைவிடக் கட்டணம்தான் அதிகம்! விலை குறைந்த போனுக்குத் தவணை எடுத்தால் எப்போதும் இப்படித்தான் ஆகும். கடன் சிறிதானாலும் மாதம் 69 ராண்ட் குறையாது. அதனால் ‘வட்டியே இல்லை’ என்று கடைக்காரர் சொன்னால் அடுத்து கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாதக் கட்டணம் எவ்வளவு?

மேலே சொன்ன கணக்கில் ‘கிரெடிட் லைஃப்’ காப்பீட்டைச் சேர்க்கவில்லை. அதற்கு உச்ச வரம்பு, கடனில் ஒவ்வொரு 1,000 ராண்டுக்கும் மாதம் 4.50 ராண்ட். பெயரைக் கேட்டு நிறையப் பேர் போன் தொலைந்தால் இது கொடுக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். கொடுக்காது. கடன் வாங்கியவர் இறந்தால், உடல் ஊனமுற்றால், வேலை போனால் பாக்கியைக் கட்டுவதற்கு மட்டுமே அது. போன் திருடு போவதற்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே ஆயுள் காப்பீடு இருந்தால், கடைக்காரரின் கிரெடிட் லைஃபுக்குப் பதிலாக அதைக் காட்ட உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மதித்துப் போற்ற வேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனாலும் ஆட்சி மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை, ஒப்பந்தத் தாள் ஆங்கிலத்தில்தான் வரும். ஊரிலிருந்து புதிதாக வந்து கோயிலிலோ கடையிலோ வேலை பார்ப்பவர் கவுன்டரில் நின்றுகொண்டே அதைப் படித்துப் புரிந்துகொள்வது நடக்காத காரியம். அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கையெழுத்துக்கு முன் விலைப்பட்டியலோடு கூடிய ‘கொட்டேஷன்’ எழுத்தில் கேளுங்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை, கொடுத்த விலைக்கு 5 வேலை நாள் அவர்கள் கட்டுப்பட்டவர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய், விவரம் தெரிந்த அண்ணனிடமோ அக்காவிடமோ காட்டி, நிதானமாகத் திரும்பி வரலாம். ‘ஆஃபர் இன்றைக்கு மட்டும்தான்’ என்ற பேச்சுக்கு மசிய வேண்டாம்.

நெட்வொர்க் கான்ட்ராக்ட்: போனுக்கு எவ்வளவு, டேட்டாவுக்கு எவ்வளவு

கான்ட்ராக்டில் போனும் டேட்டாவும் ஒரே தொகைக்குள் கலந்திருக்கும். பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அதே டேட்டா, அதே நிமிடங்கள் உள்ள, போன் இல்லாத ‘சிம் ஒன்லி’ திட்டத்தின் மாத விலையைக் கேட்டு வாங்குங்கள். கான்ட்ராக்ட் மாதம் 599, சிம் ஒன்லி 249 என்றால், வித்தியாசம் 350. 24 மாதத்துக்கு 8,400 ராண்ட். அதுதான் போனுக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அதே போன் ரொக்கத்துக்கு 7,500-க்குக் கிடைத்தால், 900 ராண்ட் கூடுதலாகக் கொடுத்து இரண்டு வருட அவகாசம் வாங்குகிறீர்கள். மேலே பார்த்த கடைக் கணக்கோடு ஒப்பிட்டால் இது தங்கமான பேரம். ரொக்க விலை 5,500 என்றால் நடையைக் கட்டுங்கள்.

36 மாத ஒப்பந்தத்தில் மாதத் தொகை குறைவாகத் தெரியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்பந்தத்தின் வழக்கமான உச்சம் 24 மாதம். அதற்கு மேல் போக வேண்டுமானால் நீங்கள் வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும், அதில் உங்களுக்குப் பண லாபம் இருப்பதையும் அவர்கள் காட்ட வேண்டும். லாபம் எங்கே என்று கேளுங்கள். மூன்றாம் வருடம் பேட்டரி தளர்ந்திருக்கும், போன் ஒருமுறையாவது கீழே விழுந்திருக்கும், தவணை மட்டும் அப்படியே இருக்கும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனை 36 மாதத்துக்கு எடுப்பதை எந்த நிலையிலும் பரிந்துரைக்க முடியாது.

இரண்டு இடத்தில் ஆட்கள் சறுக்குகிறார்கள். முதலாவது, முதல் பில். மாதத்தின் நடுவில் சேர்ந்தால் அந்த மாதத்தின் மிச்ச நாட்களுக்கும், அடுத்த மாதத்துக்கு முன்கூட்டியும், சிம் இணைப்புக் கட்டணமும் சேர்ந்து முதல் பில் வழக்கத்தைவிடப் பெரிதாக வரும். பேங்க் கணக்கில் 599 மட்டும் வைத்திருந்தவருக்கு, கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முதல் டெபிட்டே திரும்பும். திரும்பியதற்குப் பேங்க் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். சேர்ந்த அன்றே முதல் பில் தொகையை எழுதித்தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கடைசி பில். 24 மாதம் முடிந்ததும் கான்ட்ராக்ட் தானாக நிற்பதில்லை, மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போகும். முடிவதற்கு 80 முதல் 40 வேலை நாள் முன்னதாக உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது விளம்பரச் செய்திகளுக்கு நடுவே ஒரு குறுஞ்செய்தியாக வந்து மறைந்துபோகும். போனுக்கான பணம் கட்டி முடிந்தபின்னும் முழு 599-ஐயே கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். முடியும் மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்கு முன்பே சிம் ஒன்லிக்கு மாற்றச் சொல்லி மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

நடுவில் விலக வேண்டுமானால் 20 வேலை நாள் எழுத்து அறிவிப்புப் போதும். போனின் பாக்கியும், நியாயமான ஒரு விலகல் கட்டணமும் கேட்கலாம், மிச்ச மாதங்களின் முழுத் தொகையைக் கேட்க முடியாது.

கிரெடிட் சோதனை: ஒரே மறுப்பு, மூன்று காரணம்

‘கிரெடிட் செக் ஃபெயில்’ என்று கவுன்டரில் சொன்னதும் முகம் வாடி வெளியே வந்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மூன்று வேறு சோதனைகள் இருக்கின்றன. எதில் தடைபட்டது என்று தெரியாமல் அடுத்த கடைக்கு ஓடினால் நிலைமை இன்னும் கெடும். ஒவ்வொரு விண்ணப்பமும் கிரெடிட் கோப்பில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில், ஒரு தடமாகப் பதியும், ஒரே சனிக்கிழமையில் நான்கு கடையில் கேட்டவரைக் கணினி பணமுடையில் தவிப்பவராக எண்ணிக்கொள்ளும்.

முதல் சோதனை அடையாளம். நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான், காரணம் நம் பெயர் முறை. தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். பேங்கில் கணக்குத் திறந்த எழுத்தர் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டிருப்பார். சம்பளச் சீட்டில் முதலாளி இனிஷியலை முன்னால் போட்டிருப்பார். கடையின் கணினி பேங்கிடம் கேட்பது பாஸ்போர்ட் எண், இனிஷியல், குடும்பப் பெயர் இவை கணக்கோடு பொருந்துகிறதா என்பதைத்தான். ‘ஆர். முருகன்’ என்பவர் ஓரிடத்தில் முருகன் ராமசாமியாகவும் இன்னோரிடத்தில் ராமசாமி முருகனாகவும் இருந்தால், சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பொருந்தவில்லை என்றே விடை வரும். முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டோடு பேங்க் கிளைக்குப் போய், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே கணக்கில் பெயரை மாற்றுங்கள். பிறகு முதலாளியிடம் சொல்லிச் சம்பளச் சீட்டையும் மாற்றுங்கள்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறும். வெளிநாட்டவரின் கிரெடிட் கோப்பு அந்த எண்ணோடு கட்டப்பட்டது என்பதால் ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய சரித்திரம் பழைய எண்ணோடு நின்றுவிடும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, பேங்குக்கும், அந்தக் கோப்பை வைத்திருக்கும் நிறுவனமான கிரெடிட் பியூரோவுக்கும் இரண்டின் நகலையும் கொடுத்து இணைக்கச் சொல்ல வேண்டும். விசாவும் இதே கதைதான். வேலை விசாவில் 14 மாதம்தான் மிச்சம் என்றால் 24 மாதக் கான்ட்ராக்ட்டைப் பெரும்பாலும் தரமாட்டார்கள். விசாவைப் புதுப்பித்து வாங்கிய கையோடு விண்ணப்பிப்பது நல்லது.

இங்கே பிறந்தவர்களுக்கு 13 இலக்க அடையாள எண் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் கோவிந்தர், நாயுடு, பிள்ளை, முதலி என்று ஆயிரக்கணக்கானோர் ஒரே குடும்பப் பெயரில் இருப்பதால், எண்ணில் ஒரு இலக்கம் தவறித் தட்டிய வேறொருவரின் கடன் உங்கள் கோப்பில் வந்து உட்கார்ந்திருக்கலாம். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண்களுக்கு பேங்கில் பழைய பெயரும் அடையாள அட்டையில் புதுப் பெயருமாக இருப்பதும் வழக்கமான சிக்கல்.

இரண்டாவது சோதனை கிரெடிட் பியூரோ. டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் ஆகியவை பெரியவை. கடை எந்தப் பியூரோவைக் கேட்கிறதோ அதில் இருப்பதுதான் கணக்கு. ஒன்றில் நல்ல பெயரும் இன்னொன்றில் பழுதும் இருக்கலாம். புதிதாக வந்தவரின் சிக்கல் வேறு. கெட்ட பெயர் இல்லை, பெயரே இல்லை. கடன் வாங்காத நேர்மையாளர் என்று கணினி மெச்சாது, தெரியாதவர் என்று ஒதுக்கும். கோப்பு உருவாக எளிய வழி, ஒரு துணிக்கடையில் குறைந்த வரம்புள்ள கணக்குத் திறந்து, 300 ராண்டுக்கு ஏதாவது வாங்கி, தேதி தவறாமல் கட்டுவதுதான். ஆறேழு மாதம் இப்படி ஓடினால் கோப்பில் உயிர் வரும். அந்தக் கணக்கிலும் மாதக் கட்டணம் உண்டா என்று பார்த்தே திறக்க வேண்டும்.

மூன்றாவது, கட்டும் சக்தி. 2015-இன் விதிகள்படி கடைசி மூன்று சம்பளச் சீட்டு, அல்லது சம்பளம் வந்து விழுவதைக் காட்டும் மூன்று மாதப் பேங்க் ஸ்டேட்மென்ட். மொத்தச் சம்பளத்தில் வரிப்பிடித்தம் போக, பியூரோவில் தெரியும் மற்றக் கடன்கள் போக, வாழ்க்கைச் செலவுக்கென்று ஒரு தொகையையும் கழிப்பார்கள். அந்தத் தொகைக்கு விதியிலேயே அட்டவணை இருக்கிறது. மாதச் சம்பளம் 6,250 முதல் 25,000 வரை உள்ளவருக்கு 1,167.88 ராண்ட், அதோடு 6,250-க்கு மேல் உள்ளதில் 9 சதவீதம். 12,000 சம்பளம் என்றால் குறைந்தது 1,685 ராண்ட் கழிபடும். ‘எனக்கு மாதச் செலவே 800 ராண்ட்தான், ரூமும் சாப்பாடும் முதலாளி தருகிறார்’ என்று வாயால் சொன்னால் எடுபடாது. முதலாளியின் கடிதம் இருந்தால் பேசிப் பார்க்கலாம்.

ஸ்டேட்மென்ட்டில் கண்ணில் படுவது மூன்று விஷயங்கள். பணமில்லாமல் திரும்பிய டெபிட் ஆர்டர், சூதாட்டப் பந்தயக் கணக்குக்குப் போன பணம், சம்பளம் வந்த மறுநாளே காலியாகும் கணக்கு. ஊருக்கு மாதம் 5,000 அனுப்புகிறவருக்கு அதுவும் நிலையான செலவாகவே எண்ணப்படும். அதை மறைக்க வேண்டியதில்லை, அதைக் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பார்த்து, அதற்குள் அடங்கும் போனைக் கேட்டால் மறுப்பு வராது. கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் மூன்று மாதம் முழுச் சம்பளத்தையும் ஒரே தேதியில், ஒரே குறிப்போடு, கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துச் செலவழிப்பது நல்லது. 200, 350 என்று சில்லறையாகப் போட்டது வருமானமாகத் தேறாது.

மறுத்துவிட்டால் அங்கேயே, எழுத்தில், காரணம் கேளுங்கள். தேசியக் கடன் சட்டத்தின் 62-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. பியூரோவின் அறிக்கையை வைத்து மறுத்திருந்தால் எந்தப் பியூரோ என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பியூரோவிலும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் அறிக்கை இலவசம். அதில் தப்பு இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் எழுப்புங்கள். பியூரோவுக்கு 20 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஆதாரம் காட்ட முடியாவிட்டால் அந்தப் பதிவை நீக்க வேண்டும். இதற்காக 500, 1,500 ராண்ட் கேட்டு ‘பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் செய்வதும் இதே இலவச ஆட்சேபம்தான். உண்மையான கடனை அவர்களால் அழிக்க முடியாது. பியூரோவோடு தீராவிட்டால் 2024 மார்ச்சில் பழைய கிரெடிட் ஆம்புட்டையும் சேர்த்துத் தொடங்கிய நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்புட் என்ற புகார் விசாரணை அமைப்பு இருக்கிறது. அங்கும் கட்டணம் இல்லை.

அறிக்கையில் நீங்கள் எடுக்காத கான்ட்ராக்ட் தெரிந்தால் அது அடையாளத் திருட்டு. 2020-இலும் 2022-இலும் பெரிய பியூரோக்களிலிருந்து தகவல் கசிந்த நாடு இது. பிறர் பெயரில் போன் எடுத்து விற்பது மோசடிக்காரர்களுக்குச் சுலபமான வழி. போலீஸ் நிலையத்தில் சத்தியப் பிரமாணம் எழுதி கேஸ் எண் வாங்கி, அதை நெட்வொர்க்கின் மோசடிப் பிரிவுக்கு அனுப்புங்கள். சதர்ன் ஆப்பிரிக்கன் ஃப்ராட் பிரிவென்ஷன் சர்வீஸில் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவும் செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு உங்கள் எண்ணில் யார் விண்ணப்பித்தாலும் கூடுதல் விசாரணை செய்யச் சொல்லி எச்சரிக்கை போகும்.

டெபிசெக் செய்தி வந்ததும் பார்க்க வேண்டியவை

விண்ணப்பம் தேறியதும் பேங்க் ஆப்பிலோ குறுஞ்செய்தியிலோ, தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பதற்கான டெபிசெக் அனுமதி கேட்கும். கவுன்டரில் இருப்பவர் ‘அக்செப்ட் அழுத்துங்கள்’ என்று அவசரப்படுத்துவார். அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். தவணைத் தொகை கொட்டேஷனில் உள்ளதா? உச்சத் தொகை என்று தனியாக ஒன்று இருக்கும், அது தவணையைவிட மிக அதிகமா? தேதி சம்பளத்துக்கு மறுநாளா? 25-ஆம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்கு 1-ஆம் தேதி டெபிட் என்பது ஆறு நாள் ஆபத்து. தேதி தவறாக இருந்தால் நிராகரித்து, மாற்றி அனுப்பச் சொல்லலாம். நீங்கள் ஒருமுறை ஒப்புக்கொண்ட டெபிசெக்கை, பழைய டெபிட் ஆர்டரைப் போல ‘எனக்குத் தெரியாது’ என்று பேங்கில் சொல்லித் திருப்ப முடியாது.

பூட்டும் போன்

பேஜாய் போன்ற மென்பொருள், சாம்சங்கின் நாக்ஸ் கார்டு ஆகியவற்றால் இது நடக்கிறது. முன்பணம் கட்டி, பிறகு நாளுக்கோ வாரத்துக்கோ சிறு தொகை. கிரெடிட் கோப்பை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, போனே பிணை. தவறினால் திரை பூட்டிக்கொள்ளும், அவசர அழைப்பு மட்டும் போகும். ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் பூட்டு போகாது. கோப்பே இல்லாதவருக்கு, ரொக்கச் சம்பளக்காரருக்கு, உடனே போன் வேண்டும் என்றால் இது உதவும். ஆனால் நாள் தொகையைக் கண்டிப்பாகப் பெருக்கிப் பாருங்கள். நாளுக்கு 12 ராண்ட் என்பது வருடத்துக்கு 4,380. சில திட்டங்கள் விற்பனை, சில வெறும் வாடகை. வாடகையில் கடைசி வரை கட்டினாலும் போன் உங்களுடையது ஆகாமல் போகலாம். ‘ஓனர்ஷிப்’ என்ற சொல் தாளில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

டர்பன் நகர நடு ஆர்கேடுகளில் பழைய போன் வாங்குகிறவர்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை. தவணை முடியாத பூட்டுப் போன்கள் கைமாறி வருகின்றன. வாங்கும் முன் *#06# அழுத்தி, போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியோடு ஒப்பிடுங்கள், கண்ணெதிரே ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். இணையம் இல்லாமல் காட்டினால் பூட்டு தெரியாது.

குறுந்தவணை, லே-பை

பேஜஸ்ட்நவ் மூன்று சம தவணை, பேஃப்ளெக்ஸ் வழக்கமாக ஆறு வாரத்தில் நான்கு. வட்டி இல்லை, தாமதக் கட்டணம் உண்டு. முதல்முறை சேருபவருக்கு வரம்பு குறைவு, ஆகவே 2,000, 3,000 ராண்ட் போனுக்குத்தான் பொருந்தும். 2025 ஏப்ரல் 1 முதல், 2,500 ராண்ட் வரையிலான போன்களுக்கு இறக்குமதியில் விதித்த 9 சதவீத ஆடம்பர வரியை அரசு நீக்கிவிட்டது. அந்த விலையில் நல்ல 4ஜி போன் கிடைக்கிறபோது மூன்று தவணையே போதும்.

லே-பையில் கிரெடிட் சோதனை கிடையாது, வட்டி கிடையாது. கட்டி முடியும் வரை போன் கடையில் இருக்கும். மனம் மாறினால் பணத்தைத் திரும்ப வாங்கலாம். விலையில் 1 சதவீதத்துக்கு மேல் கழிக்கக் கூடாது. கடைக்காரர் தன் தவறால் அந்தப் போனைத் தர முடியாவிட்டால், அதே தரமுள்ள அல்லது அதைவிட நல்ல போனைக் கேட்கலாம், இல்லையென்றால் கட்டிய பணத்தை இரட்டிப்பாகக் கேட்கலாம். இது சட்டத்தில் எழுதியிருக்கிறது, கவுன்டரில் யாரும் சொல்வதில்லை. ரசீதில் மாடல், நிறம், நினைவகம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். ‘சாம்சங் போன்’ என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்காதீர்கள்.

போன் தொலைந்தால், தவணை தவறினால்

தொலைந்த போனுக்கும் தவணை ஓடும். நெட்வொர்க்கில் சொல்லி சிம்மையும் ஐஎம்இஐ எண்ணையும் முடக்கி, அவர்கள் தரும் ஐடிசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பீடு கேட்கப் போலீஸ் கேஸ் எண்ணும் இந்த எண்ணும் தேவை.

தவணை தவறும் என்று முன்பே தெரிந்தால், டெபிட் நாளுக்கு முன் எழுதுங்கள். கெட்ட பெயரைப் பியூரோவில் ஏற்றும் முன் 20 வேலை நாள் அறிவிப்புத் தர வேண்டும். நீதிமன்றம் போகும் முன், தேசியக் கடன் சட்டத்தின் 129-ஆம் பிரிவுப்படி பாக்கி பற்றிய எச்சரிக்கைக் கடிதம் வர வேண்டும். அந்தக் கடிதம் வந்தபின் 10 வேலை நாள் இருக்கிறது. அதைத் திறக்காமல் அலமாரியில் போட்டு வைப்பதுதான் மிகப் பெரிய நஷ்டம். நீதிமன்றத் தீர்ப்பு ஏறிவிட்டால், கட்டித் தீர்க்காதவரை ஐந்து வருடம் கோப்பில் நிற்கும். பணம் கைக்கு வந்தால் முன்கூட்டியே முழுவதும் அடைக்கலாம். போன் விலை அளவிலான கடனுக்கு அதற்கு அபராதம் கிடையாது, மிச்ச மாதங்களின் 69 ராண்டும் மிஞ்சும்.

கடைசித் தவணை போன அன்று ‘பெய்ட்-அப் லெட்டர்’ கேட்டு வாங்குங்கள். கணக்கு எண், ஐஎம்இஐ எண், பாக்கி பூஜ்யம், தேதி நான்கும் அதில் இருக்க வேண்டும். பூட்டுப் போன் என்றால் பூட்டு நீக்கப்பட்டது என்ற வரியும் வேண்டும். பேங்க் ஆப்பைத் திறந்து டெபிசெக் அனுமதி முடிந்ததா என்று பாருங்கள். கோப்பில் கெட்ட பதிவு ஏதாவது இருந்திருந்தால், கட்டி முடித்ததை ஏழு நாளுக்குள் கடை பியூரோவுக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து இலவச அறிக்கையை எடுத்து, அந்த வரி போய்விட்டதா என்று சரிபாருங்கள். போகவில்லை என்றால் அந்தக் கடிதத்தின் நகல்தான் உங்கள் ஆட்சேபத்தின் முதல் பக்கம்.